ஆடி மாதத்தில் அம்மாவுக்கு இருமல் வராது!

ஆடி மாதத்தில் என் அம்மாவுக்கு இருமல் வராது. மார்கழியிலும் வராது. தை பிறந்ததும் ஆரம்பிக்கும். வைகாசி, ஆவணி என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவார். பத்து வருடங்களாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் நான். எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் வருவதில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மா, தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வேலை குறைவு, சம்பளமும் குறைவு. எங்கள் வீட்டில் அவை கையைக் கடிக்கும் மாதங்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இருமல் இல்லாத மாதங்களும் அவைதான் என்று புரிந்தது, நான் வேதியியல் படிக்க ஆரம்பித்த பிறகு.

ஜர்னலிசம் டிப்ளோமா முடித்துவிட்டு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு எதற்கு கெமிஸ்ட்ரி என்று நீங்கள் கேட்கலாம். என் தோழிகளும் அதையேதான் கேட்டார்கள். சொல்கிறேன்.

ஐந்தாவது டிப்ஸ்

எங்கள் டெஸ்க்கில் எல்லாமும் எழுத வேண்டும். காலையில் தங்கம் விலை, மதியம் மழை அறிவிப்பு, சாயங்காலம் ஓ.டி.டி-யில் என்ன படம், நடுநடுவே வீட்டுக் குறிப்புகள். போன வருடம் சித்திரையில் ஒருநாள், பாத்ரூம் கறையைப் போக்க ஐந்து எளிய வழிகள் எழுதச் சொன்னார்கள். நான்கு வழிகள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. ஐந்தாவதாக, அம்மா செய்வதையே எழுதினேன். 'பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் தேய்க்கவும்.'

பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியர் அக்காதான் என் காப்பியைத் திருத்துவார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அஞ்சாவது பாயின்ட் யார் சொன்னது?"

"எங்கம்மா அப்படித்தான்க்கா செய்வாங்க."

ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "தினமுமா?"

"முகூர்த்த நாள் முடிஞ்சா செய்வாங்க."

"அது குளோரின் கேஸ்மா. அம்மாவுக்கு இருமல் இருக்கா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐந்தாவது வழியை வெட்டிவிட்டு, நான்கு வழிகளோடு கட்டுரை வெளியானது. அக்கா மட்டும் விடுப்பில் இருந்திருந்தால், லட்சக்கணக்கான வீடுகளுக்கு நான் ஒரு விஷவாயுவின் செய்முறையை அனுப்பியிருப்பேன். பெயரும் என் பெயர்தான் இருந்திருக்கும்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊத்தாதேம்மா."

"ஏன்?"

"விஷ கேஸ் வரும்."

"நெடி வந்தாதான்டி கறை போகும். பவுடரையும் கடையிலதான் விக்கிறான், ஆசிட்டையும் கடையிலதான் விக்கிறான். ரெண்டும் சுத்தம் பண்ற சாமான். சேர்த்தா மட்டும் எப்படி விஷமாகும்?"

"அது... தெரியலைம்மா. ஆனா ஆகும்."

அம்மா சிரித்துவிட்டார். "ஊருக்கே சேதி சொல்ற பொண்ணு. ஏன்னு கேட்டா தெரியலைங்கிறே" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் முகூர்த்தம். வழக்கம்போல இரண்டையும் சேர்த்துத்தான் ஊற்றினார் என்று எனக்குத் தெரியும். இருமல் சத்தம் கேட்டதே!

மறுபடியும் 9-ம் வகுப்பு

நான் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பத்தாம் வகுப்பில் வேதியியல் என்றால் எனக்கு மனப்பாடம்தான். சமன்பாடுகளை மந்திரம் மாதிரி ஒப்பிப்பேன். எதற்காக ஓர் எழுத்தின் கீழே சின்னதாக 2 போடுகிறோம், எதற்காக முன்னால் பெரிதாக 2 போடுகிறோம் என்று கேட்டால் தெரியாது. எப்படியோ பாஸ் ஆகி, பதினொன்றில் காமர்ஸ் குரூப் கிடைத்தபோது, 'இனி கெமிஸ்ட்ரி இல்லை' என்று வீட்டில் கேசரி செய்யச் சொல்லிச் சாப்பிட்டவள் நான்.

அம்மாவின் கேள்விக்கு கூகுளில் பதில் தேடினேன். பதில் இருந்தது, எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு வரிச் சமன்பாடு, எனக்கு அது அந்நிய மொழி. டியூஷன் போகும் வயதும் இல்லை, அதற்குப் பணமும் இல்லை. இலவசமாக என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன்.

முதலில் கிடைத்தவை நம் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்கள். எல்லா வகுப்புப் புத்தகங்களும் பி.டி.எஃப்-ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. 9-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை இறக்கினேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் போகும் மின்சார ரயிலில் தினமும் படிப்பு. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் எட்டிப் பார்த்த ஓர் அக்கா, "பையனுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார்.

இரண்டு மொழிப் புத்தகங்களையும் இறக்கியதற்குக் காரணம் உண்டு. நல்ல வீடியோக்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. எனக்கோ 'இணைதிறன்' தெரியும், 'வேலன்சி' தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அகராதி தொடங்கினேன். இணைதிறன் என்றால் வேலன்சி. வினைபடு பொருள் என்றால் ரியாக்டன்ட். ஆக்சிஜனேற்றம் என்றால் ஆக்சிடேஷன். நாற்பது சொற்கள் சேர்ந்ததும் வீடியோக்கள் காதில் ஏற ஆரம்பித்தன.

அடுத்தது கான் அகாடமி. சல்மான் கான் என்பவர் 2004-ல், வெகுதூரத்தில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப்போய் தொடங்கிய விஷயம், 2008-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாக மாறியது. முகம் தெரியாது, கறுப்புத் திரையில் எழுத்தும் குரலும் மட்டும்தான். அருமையாகப் புரிந்தது. இரண்டு வாரம் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பிறகு அதிலேயே இருக்கும் பயிற்சிக் கேள்விகளைத் திறந்தால், முதல் பத்தில் இரண்டுதான் சரி!

சமையல் வீடியோ பார்ப்பதும் சமைப்பதும் ஒன்றா? அதேதான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு வீடியோ பார்த்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததை நோட்டில் என் வார்த்தையில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து.

உப்பிலும் அதே குளோரின்தானே?

ஒரு சந்தேகம் என்னைப் பாடாய்ப்படுத்தியது. சமையல் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்தது. அதைத் தினமும் சாப்பிடுகிறோம். நமக்கு இருமல் வருவதில்லையே?

இதற்கு பதில் கிடைத்தது, 'ஃபெட்' என்ற இலவசத் தளத்தில். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் இது. விளையாட்டு மாதிரி இருக்கும், போன் பிரவுசரிலேயே ஓடும். அதில் அணுவை நாமே கட்டலாம். 6 புரோட்டான் வைத்தால் கார்பன். இன்னும் ஒன்றை இழுத்துப் போட்டால் நைட்ரஜன். 8 ஆனால் ஆக்சிஜன். ஒரே ஒரு புரோட்டானில் பெயரே மாறுகிறது!

அந்த விளையாட்டில் 10 புரோட்டான் வரைதான் வைக்க முடியும். குளோரினுக்கு 17 வேண்டும். ஆனால் 9 புரோட்டான் உள்ள ஃபுளோரின், தனிம அட்டவணையில் குளோரினுக்கு நேர் மேல் வீடு. இருவருக்கும் ஒரே குணம். வெளிக்கூட்டில் 7 எலெக்ட்ரான் இருக்கும், 8 ஆக வேண்டும் என்று ஒன்றுக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்.

உப்பில் இருக்கும் குளோரினுக்கு அந்த ஓர் எலெக்ட்ரானை சோடியம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. வயிறு நிறைந்தவன் யாரிடமும் கையேந்த மாட்டான். அதனால்தான் உப்பு சாது. ஆனால் குளோரின் வாயுவில் இரண்டு அணுக்கள், ஆளுக்கு ஓர் எலெக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. எதிரில் எது கிடைத்தாலும் பிடுங்கத் தயாராக இருக்கும். மூச்சில் உள்ளே போனால், ஈரமான மூச்சுக்குழாயில் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறுகிறது. அதாவது, அம்மா தரையில் ஊற்றிய அதே ஆசிட் இனம், அவர் நெஞ்சுக்குள்ளேயே உருவாகிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வீடியோ போட்டு வைத்திருக்கிறார்கள். குளோரின் வீடியோவைப் பார்த்தபின் அதன் கதையையும் தேடிப் படித்தேன். 1774-ல் ஷீலே என்ற விஞ்ஞானி இந்த வாயுவை முதலில் உண்டாக்கினார். 1810-ல் ஹம்ப்ரி டேவி இது ஒரு தனிமம் என்று சொல்லி, அதன் வெளிர்பச்சை நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து குளோரின் என்று பெயர் வைத்தார். 1915 ஏப்ரல் 22-ம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரெ நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நம் தெருக்குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொன்று காலராவிலிருந்து காப்பாற்றுவதும் இதே குளோரின்தான். எவ்வளவு, எங்கே, யாருக்குப் பக்கத்தில் என்பதுதான் வித்தியாசம்.

அம்மாவின் கேள்விக்கான பதிலும் இந்தக் கதையில்தான் இருந்தது. 1799-ல் சார்ல்ஸ் டென்னன்ட் என்பவர் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். செய்முறை எளிது. நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்த வேண்டும். சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துப் பொடியாக வைத்துக்கொள்ளும். ஆசிட் பட்டதும் பிடி விட்டுப்போகும். உள்ளே போன வாயு வெளியே வரும்.

கூகுளில் அன்று படிக்க முடியாத அந்த ஒரு வரியை இப்போது படித்தேன். ஒரு பங்கு கால்சியம் ஹைப்போகுளோரைட், நான்கு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒரு பங்கு கால்சியம் குளோரைடு, இரண்டு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு குளோரின் வாயு. இடப்பக்கம் எத்தனை அணுவோ, வலப்பக்கமும் அத்தனை. அம்மாவின் சீட்டுக் கணக்கு நோட்டு மாதிரி ஒரு பைசா உதைக்கவில்லை. ரயிலிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலை மூடிவிட்டார், தூசி என்று நினைத்து.

கவுளி வெற்றிலையும் மோலும்

வேதியியலில் என்னை அதிகம் பயமுறுத்தியது மோல். 6.022-ஐ எழுதி, பத்தின் அடுக்கு 23 என்று போடுவார்கள். இதை எண்ணி முடிக்க எத்தனை ஜென்மம் வேண்டும்?

வெற்றிலைதான் எனக்குக் கைகொடுத்தது. மண்டபத்தில் வெற்றிலையை யாரும் ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை. 'பத்து கவுளி' என்பார்கள். ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. இளசு வெற்றிலைக் கவுளி லேசாக இருக்கும், முற்றின வெற்றிலைக் கவுளி கனமாக இருக்கும். எண்ணிக்கை ஒன்றுதான். மோலும் அப்படித்தான், அணுக்களின் கவுளி. ஒரு மோல் ஹைட்ரஜன் அணுக்கள் 1 கிராம், ஒரு மோல் குளோரின் அணுக்கள் 35.5 கிராம். தராசில் நிறுத்தால் எத்தனை அணு என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

இது புரிந்ததும் அம்மாவின் பாத்ரூமுக்குக் கணக்கு போட்டேன்.

மண்டபத்தின் பாத்ரூம் 4 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. மொத்தம் 192 கன அடி, அதாவது சுமார் 5,400 லிட்டர் காற்று. ஒரு பெரிய ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் 10 கிராம் என்று வைப்போம். ஆசிட் பட்டால் அதில் 30 சதவிகிதம் குளோரினாக வெளியேறும் என்று வைத்தால், 3 கிராம். இதை 35.5-ஆல் வகுத்து, ஒரு விடை கண்டுபிடித்து, பெருமையாக சீனியர் அக்காவிடம் நீட்டினேன்.

"தப்பு" என்றார். "வாயுவில குளோரின் தனியா இருக்காதும்மா. ஜோடியா இருக்கும். 71-ஆல வகு."

3-ஐ 71-ஆல் வகுத்தால் 0.042 மோல். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர் இடம் பிடிக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் குளோரின். 5,400 லிட்டரில் ஒரு லிட்டர் என்றால், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 185 பங்கு.

இது அதிகமா, குறைவா? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான 'நியோஷ்', 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று குளோரினுக்குக் குறித்திருக்கும் அளவைத் தேடினேன். பத்து லட்சத்தில் 10 பங்கு.

நோட்டை மூடிவிட்டேன். உண்மையில் எல்லா வாயுவும் ஒரே நிமிடத்தில் வெளிவராது, கதவு வழியே கொஞ்சம் போகும், தண்ணீரில் கொஞ்சம் கரையும். அதெல்லாம் சரி. ஆனால், அம்மா போடுவது ஒரு ஸ்பூன் இல்லை. கை நிறைய அள்ளிப் போடுவார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குளோரின், காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தேங்கும். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைத் தரைக்கு அருகில் வைத்துத்தான் தேய்ப்பார்.

ஆரத்தித் தட்டில் கிடைத்த பதில்

அது ஆடி மாதம். வீட்டில் ராத்திரிகள் அமைதியாக இருந்தன. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் முகூர்த்த நாள்களைப் பார்த்தபோதுதான், முதல் வரியில் சொன்ன கணக்கு எனக்குப் பிடிபட்டது.

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அணு, எலெக்ட்ரான் என்று படம் போட்டேன். அம்மா கொட்டாவி விட்டார். நோட்டை மூடிவிட்டு, "ஆரத்தி எப்படிம்மா கரைப்பே?" என்று கேட்டேன்.

"மஞ்சளும் சுண்ணாம்பும். சின்னக் குழந்தைக்கே தெரியுமே."

கரைக்கச் சொன்னேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ரத்தச் சிவப்பாக மாறியது.

"மஞ்சள் மஞ்சளா இருக்கு. சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு. சிவப்பு எங்கேருந்தும்மா வந்துச்சு?"

அம்மா தட்டையே பார்த்தார். ஆயிரம் கல்யாணத்தில் பார்த்த தட்டு அது. நான் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள் ஆனது. அம்மா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துப் போட்டார், மறுபடி சிவப்பு. சின்னப் பிள்ளைபோல மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தார். மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகும் என்பது பாடம். அம்மா சொன்னது வேறு.

"ரெண்டு சேர்ந்தா ரெண்டும் அப்படியே இருக்காது போல. மூணாவதா ஒண்ணு பொறக்குது."

"அதேதாம்மா. பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா பொறக்கிறது, நீ சுவாசிக்கிற அந்த நெடி. கறையைப் போக்குறது பவுடரும் ஆசிட்டும். நெடி எதையும் சுத்தம் பண்ணலை, உன் நெஞ்சைத்தான் அரிக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூட வேலை செய்யுற மூணு பேருக்கும் இருமல் இருக்குடி" என்றார்.

ஆவணியில் முதல் முகூர்த்தம் முடிந்து அம்மா வந்தபோது, ராத்திரி மணி பத்து. மேடை அலங்காரத்தில் மிஞ்சிய ரிப்பனை எடுத்து, ஆசிட் வாளிக்குச் சிவப்பு, பவுடர் வாளிக்கு மஞ்சள் என்று கட்டிவிட்டு வந்திருந்தார். கூட வேலை செய்பவர்களில் இருவருக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும். ஒருநாள் ஒரு வாளிதான். ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கதவைத் திறந்து வைக்க வேண்டும். "லேட்டாகுதுன்னு சூப்பர்வைசர் அண்ணன் கத்தினாரு. ஆரத்தி கரைச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை" என்றார்.

அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் 'சளி' என்று சொல்லி மாத்திரை வாங்கி வருவோம். இந்த முறை, என்ன வேலை, எதைக் கலக்கிறார், எத்தனை வருடம் என்று நானே சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். பரிசோதனை செய்து, இன்ஹேலர் கொடுத்தார். இருமல் முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பத்து வருடப் பாதிப்பு ஒரு மாதத்தில் போகாது. ஆனால், இந்தத் தை மாதத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்காரவில்லை.

நீங்களும் படிக்க நினைத்தால்...

நான் பட்ட பாட்டிலிருந்து சில விஷயங்கள்.

உங்களுக்கு எந்த வகுப்பில் புரியாமல் போனதோ, வெட்கப்படாமல் அந்த வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் க்யூ.ஆர். கோடை, 'திக்‌ஷா' ஆப் மூலம் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும்.

வீடியோவைவிடப் பயிற்சிக் கணக்குக்கு அதிக நேரம் கொடுங்கள். நான் இருபது நிமிடம் பார்த்தால், நாற்பது நிமிடம் எழுதுவேன்.

பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஓபன்ஸ்டாக்ஸ்' திட்டத்தில் கல்லூரி முதலாண்டு வேதியியல் புத்தகமே இலவசமாக இருக்கிறது. நான் இப்போது அதில் நான்காவது அத்தியாயத்தில் திணறிக்கொண்டிருக்கிறேன்.

சொந்தக் கேள்வி ஒன்றோடு உள்ளே போங்கள். பரீட்சைக்காகப் படித்தபோது மோல் எனக்கு ஓர் எண். அம்மாவுக்காகப் படித்தபோது அது ஒரு பாத்ரூமின் காற்று.

கேட்க ஒரு மனிதரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசமாகக் கிடைத்தது. ஆனால், '71-ஆல வகு' என்று சொல்ல அக்கா இருந்தார். என் கணக்கு தப்பு என்று அந்த வீடியோக்களுக்கு எப்படித் தெரியும்?

முக்கியமாக, ஆரத்தி கரைத்துப் பாருங்கள். ஆனால், பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ ஆசிட், வினிகர், அம்மோனியா உள்ள கிளீனர் என எதோடும் கலக்காதீர்கள். தவறிக் கலந்து நெடி வந்தால், உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று மறுபடி உள்ளே போகாதீர்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

போன வாரம் இதையே வீட்டுக் குறிப்பாக எழுதி அக்காவிடம் கொடுத்தேன். ஐந்து பாயின்ட். ஒன்றையும் வெட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வெள்ளிக்கிழமைக்காகப் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி, பித்தளைக்குப் புளி போட்டா ஏன்டி பளபளன்னு ஆகுது?" என்றார்.

"தெரியலைம்மா. பத்து நிமிஷம் குடு" என்று போனை எடுத்தேன்.